40 ஆடியோ கைடுகள் அலமாரியிலேயே இருக்கின்றன. ஊழியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

காவிரிக்கரை எழுதியது:

காவிரிப் படுகையில் ஓர் ஊரில், அறக்கட்டளை நடத்தும் சிறிய அருங்காட்சியகம் ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். வெண்கலச் சிலைகள், தஞ்சாவூர் ஓவியங்கள், ஓலைச்சுவடிகள், பழைய இசைக்கருவிகள் என்று நான்கு கூடங்கள். நன்கொடையாளர் ஒருவரின் உதவியால் 40 ஆடியோ கைடு கருவிகள் வாங்கினோம். கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிலைக்கு அருகில் இருக்கும் எண்ணை அழுத்திக் கேட்கும் வகை. தமிழ், ஆங்கிலம், இந்தி, பிரெஞ்சு ஆகிய நான்கு மொழிகளில் கேட்கலாம். வாடகை 80 ரூபாய். கருவியைத் திருப்பித் தரும்வரை அடையாள அட்டை ஒன்று எங்களிடம் இருக்கும்.

பதிவு நன்றாகவே வந்திருக்கிறது. தமிழில் பேசியவர் வானொலியில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு சிலையைக் கேட்டு முடித்தால் அடுத்ததையும் கேட்கத் தோன்றும். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகூட ஐந்தாறு கருவிகளுக்கு மேல் வெளியே போவதில்லை.

விற்ற நிறுவனத்தார் ஒரு பிற்பகல் பயிற்சி கொடுத்தார்கள். திரையில் படங்கள், முழுக்க ஆங்கிலம். டிக்கெட் கவுண்ட்டரில் இருக்கும் இருவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எழுந்துபோனார்கள். கூடங்களில் நிற்கும் காவலர்கள் ஆறு பேரும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் அந்தப் பயிற்சிக்கு அழைக்கப்படவே இல்லை. இப்போது கவுண்ட்டரில் நடப்பது இதுதான்: "ஆடியோ கைடு 80 ரூபாய் தனி, ஆதார் கொடுக்க வேண்டும், வேண்டாமென்றால் நேரே உள்ளே போகலாம்." மூச்சு விடாமல் இவ்வளவையும் சொல்லி, டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். கேட்பவருக்கு நேரே உள்ளே போவதைத் தவிர வேறென்ன தோன்றும்?

அடுத்த கூட்டத்தில் அறங்காவலர்கள் ஒரு நாளைக்கு 20 கருவி என்று இலக்கு வைக்கப் போகிறார்களாம். அதற்குள் ஒழுங்கான பயிற்சி ஒன்றை நடத்திவிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? இந்த வேலையை நேரில் செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடைத்தெரு எழுதியது:

எனக்கு அருங்காட்சியகம் தெரியாது, விற்பனை தெரியும். எங்கள் ஜவுளிக்கடையில் எது நகரவில்லையோ அதற்கு ஊக்கத்தொகை வைப்போம். ஒரு கருவிக்குப் பத்து ரூபாய் என்று கவுண்ட்டரில் இருப்பவருக்குச் சொல்லிவிடுங்கள். மறுவாரமே அலமாரி காலியாகும். பயிற்சி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

---

பழைய சாவிக்கொத்து எழுதியது:

மேலே சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அம்மா, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. கருவி தொலைந்தாலோ கீழே விழுந்து உடைந்தாலோ யார் பணம் கட்டுவது?

நான் கூடக் காவலராகச் சேர்ந்து, கூடப் பொறுப்பாளராகி ஓய்வுபெற்றவன். இப்போது கூப்பிடுகிற இடங்களுக்குப் போய் ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். போகிற இடங்களில் இந்த நிறைந்த அலமாரியைப் பார்த்துப் பழகிவிட்டது. கவுண்ட்டர் ஊழியரைத் தனியே டீக்கடைக்கு அழைத்துப்போய்ப் பேச்சுக்கொடுத்தால், இரண்டாவது மிடறுக்குள் விஷயம் வெளியே வரும்: "உடைந்தால் என் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், சார்." எந்த உத்தரவிலும் அப்படி எழுதியிருக்காது. யாரோ எப்போதோ மிரட்டலாகச் சொன்னது. ஆனால் அந்தக் கருவியின் விலை அவருடைய சம்பளத்தில் பெரும்பகுதி. அதை முன்பின் தெரியாதவர்களின் கழுத்தில் நாள் முழுவதும் அவர் ஏன் மாட்டிவிட வேண்டும்? அலமாரியில் இருக்கிற கருவி உடையாது. நீங்கள் ஆர்வமின்மை என்று நினைப்பது, அவர் சரியாகப் போட்ட கணக்கு.

அதனால் பேச்சுப் பயிற்சிக்கு முன்னால் ஒரு தாள் வேண்டும். சாதாரணப் பயன்பாட்டில் கருவி உடைந்தாலோ தொலைந்தாலோ ஊழியரிடம் பிடித்தம் கிடையாது என்று எழுதி, அறங்காவலர் கையெழுத்துப் போட்டு, கவுண்ட்டருக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். அது இல்லாமல் எந்த நிபுணரை அழைத்துவந்தாலும் மதியச் சாப்பாட்டுச் செலவுதான் மிச்சம்.

அடுத்தது, உங்கள் ஊழியர்கள் அந்தப் பதிவை முழுதாகக் கேட்டிருக்கிறார்களா? கருவியை எப்படி இயக்குவது என்று பார்த்திருப்பார்கள். கூடம் கூடமாக நடந்து, சிலைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கமாட்டார்கள். வார விடுமுறை நாளில் எல்லோரையும் வரச்சொல்லுங்கள். அன்றைக்குச் சம்பளம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் உடம்பு மட்டும்தான் வரும். குடும்பத்தையும் அழைத்துவரலாம் என்று சொல்லுங்கள். கவுண்ட்டர் ஊழியர், காவலர், கூட்டிப் பெருக்கும் அம்மா வரை எல்லோர் கழுத்திலும் ஒரு கருவி. முடிந்ததும் தேர்வு வைக்காதீர்கள். "வீட்டில் போய் எந்த ஒன்றைச் சொல்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார். அதுதான் அவர் கவுண்ட்டரில் சொல்ல வேண்டிய வாக்கியம். நாம் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தால் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சாகத்தான் வரும்.

தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பார்த்திருப்பீர்கள். 1011ஆம் ஆண்டுச் சிலை. தலையில் பாம்பு சுற்றிய சடைமுடி, ஒரு கால் ஒயிலாக மடங்கியிருக்கும், ஒரு கை எதன் மீதோ சாய்வாக ஊன்றியிருக்கும். ஆனால் கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. அங்கே இருந்திருக்க வேண்டிய காளை இல்லை. "உள்ளே ஒருவர் இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிறார், அவர் கதை இதில் இருக்கிறது" என்று ஒரு கவுண்ட்டர் ஊழியர் சொன்னால் யாராவது நேரே உள்ளே போவார்களா? உங்கள் நான்கு கூடங்களிலும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். விலையை அதற்குப் பிறகு சொல்லச் சொல்லுங்கள். ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில பயிற்சியாளர்கள், "வேண்டுமா என்று கேட்காதே, தமிழா ஆங்கிலமா என்று கேள்" என்று கற்றுக்கொடுக்கிறார்கள். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் பல ஆண்டுகள் வெளிநாட்டவரின் டிக்கெட்டிலேயே ஆடியோ கைடும் சேர்ந்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் கேள்வி நியாயம். தனியாக 80 ரூபாய் வாங்குகிற இடத்தில் அது தந்திரம். மொழியைச் சொல்லிவிட்டுப் பணத்துக்குக் கை நீட்டும்போது வருகிற முகச்சுளிப்பை ஊழியர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு முறை வாங்கினால் ஐந்தாவது முறை அவர் வாயைத் திறக்கமாட்டார்.

இப்போது ஊக்கத்தொகைக்கு வருகிறேன். உங்கள் ஊருக்கு நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் வரும் அல்லவா? அடுத்த கோயில் நடை சாத்துவதற்குள் போக வேண்டும், உங்களிடம் அவர்களுக்கு இருப்பது இருபது நிமிடம். கருவிக்குப் பத்து ரூபாய் என்றால் ஊழியர் அவர்கள் கழுத்திலும் மாட்டுவார். வேன்காரர் ஹாரன் அடிப்பார், அவர்கள் மூன்றாவது சிலையோடு ஓடிவந்து கருவியை வீசாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். "உங்களுக்கு நேரம் போதாது, இன்றைக்கு இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை ஊழியருக்கு இருக்க வேண்டும். அல்லது ஆறே ஆறு எண்களை மட்டும் அச்சிட்ட சிறு துண்டுச்சீட்டைக் கொடுத்து, "இந்த ஆறையும் கேட்டால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்" என்று சொல்லலாம். அந்தச் சீட்டை வேன் ஓட்டுநர்களிடமும் கொடுத்துவையுங்கள்.

ஆதார் அட்டையை விட்டுவிடுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு உள்ளே போக யாருக்கும் மனம் வராது, வாங்கிவைப்பதும் முறையில்லை. ஓட்டுநர் உரிமம் போல வேறு அட்டையோ, திரும்பத் தரும் முன்பணமோ போதும். எதை வாங்கினாலும் கருவி எந்தப் பொந்திலிருந்து வெளியே போனதோ அதே எண்ணுள்ள பொந்தில் வையுங்கள். மாலையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் திரும்பி வரும்போது அட்டை மாறிப்போகும் என்கிற பயமும் உங்கள் ஊழியர் வாயை அடைக்கிறது. வெளியே சொல்லமாட்டார்.

திரும்பி வந்த கருவியைத் துடைப்பதை அடுத்தவர் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும், கருவிமேல் நேராகத் தெளித்தால் விசைகளுக்குள் இறங்கிவிடும். காதில் படும் பஞ்சுறை புதிது. சார்ஜில் மாட்டுவதற்கு முன் ஏதாவது ஓர் எண்ணை அழுத்தி ஒலி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு நிமிட வேலைதான், ஆனால் கூட்ட நேரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

காவலர்களை அழைக்காதது எனக்குப் புரியவே இல்லை. கருவி கோளாறு செய்வது கவுண்ட்டரில் அல்ல, கூடத்தில். அங்கே நிற்கிறவர் அவர் மட்டும்தான். வரும் புகார்களில் நிஜமான பழுது குறைவு. எண்ணை அழுத்திவிட்டு இயக்கும் விசையை அழுத்தியிருக்கமாட்டார்கள், அல்லது ஒலி அடியில் இருக்கும். எல்லாவற்றையும்விட அதிகம் பார்த்தது இது: விளக்கப் பலகையில் பொருளின் பதிவேட்டு எண்ணும் இருக்கும், ஆடியோ எண்ணும் இருக்கும். பார்வையாளர் நான்கு இலக்கப் பதிவேட்டு எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருப்பார். இந்த மூன்றும் தெரிந்த காவலர் போதும்.

பயிற்சியை நாற்காலி போட்டு நடத்தாதீர்கள், கூடத்திலேயே நடத்துங்கள். ஒருவர் காது மந்தமான பாட்டியாக, ஒருவர் அவசரக்காரராக, ஒருவர் "யூடியூபில் எல்லாம் இருக்கிறதே" என்கிற கல்லூரி மாணவராக நடிக்கட்டும். காவலர்கள் பிரமாதமாக நடிப்பார்கள், நாள் முழுவதும் மனிதர்களைத்தானே பார்க்கிறார்கள். 1952இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் ஆடியோ கைடு வழக்கம் தொடங்கியபோது வானொலி அலையில் ஒலிபரப்பினார்கள், எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே விளக்கம். கூட்டம் மொத்தமாக ஒரே பக்கம் திரும்பும். இப்போது ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறார்கள், ஒவ்வோர் இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அதனால் காவலருக்குக் கற்றுத்தராத பயிற்சி பாதிப் பயிற்சிகூட இல்லை.

---

வெயிலில் நிற்பவன் எழுதியது:

நான் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. உங்கள் கருவியைக் கண்டு எனக்குப் பயமில்லை. ஆனால் நான் அழைத்துவந்த பயணிகளிடமே, "கைடு எதற்கு, மெஷின் இருக்கிறது, பாதிச் செலவுதான்" என்று ஒரு கவுண்ட்டரில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இதுவும் பயிற்சியின் விளைவுதான். விற்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரைத் தள்ளிவிட்டு விற்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

வழிகாட்டியோடு வருகிறவர்களிடம் ஆடியோ கைடைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஒரு விதி வையுங்கள். அதற்குப் பதிலாக எங்களையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். பதிவில் இல்லாதது என்ன என்று எங்களுக்குத்தான் தெரியும். வெண்கலச் சிலைக்கு முன்னால் எல்லோரும் கேட்கிற கேள்வி, பீடத்தில் ஏன் ஓட்டைகளும் வளையங்களும் இருக்கின்றன என்பது. புறப்பாட்டின்போது கம்புகளைக் கோத்துத் தூக்கிப்போவதற்கு. கோயிலில் பட்டும் பூவும் சாத்தியிருக்கும்போது முகமும் கைகளும்தான் தெரியும், உடல் வடிவம் முழுவதும் தெரிவது அருங்காட்சியகத்தில்தான். இதைச் சொன்னால் பயணிகள் அதே சிலையை மறுபடி ஒரு சுற்று சுற்றிவந்து பார்ப்பார்கள். நான் கேட்ட பதிவுகளில் ஆண்டும், உயரமும், கிடைத்த ஊரும் தவறாமல் வருகின்றன. ஓட்டை வருவதில்லை.

---

ஐந்தில் ஒரு புள்ளி எழுதியது:

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வங்கியில் வேலை, விடுமுறையில் ஊர் சுற்றுவேன். இந்த உரையாடலில் எங்களைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். ஆடியோ கைடு யாருக்கு மிகவும் பயன்படும் என்று யோசித்தால் முதலில் நாங்கள்தானே நினைவுக்கு வர வேண்டும்?

ஓர் அருங்காட்சியகத்தில் கவுண்ட்டர் ஊழியர் என் மனைவியிடம், "இவருக்கும் ஒன்று வேண்டுமா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் கருவியை என் கழுத்தில் மாட்டிவிட்டார். உங்கள் ஊழியர்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: என்னிடம் பேசுங்கள். கருவியைக் கையில் கொடுங்கள். பெரும்பாலான விசைப்பலகைகளில் ஐந்தின்மேல் ஒரு சின்னப் புள்ளி தடவினால் தெரியும், அதிலிருந்து மற்ற எண்களை நானே கண்டுபிடித்துக்கொள்வேன். இயக்கும் விசை, நிறுத்தும் விசை, ஒலி கூட்டும் விசை மூன்றும் ஐந்துக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னால் போதும்.

கூடத்தில் சிக்கல் வேறு. எண்கள் சுவரில் அச்சாகியிருக்கின்றன, எனக்கு யார் படித்துச் சொல்வது? காவலர் அருகில் வந்து, "உங்களுக்கு வலப்பக்கம் மூன்று அடியில் நடராஜர், எண் பன்னிரண்டு" என்றால் நான் தனியாகவே முழுக் கூடத்தையும் பார்த்துவிடுவேன். பதிவில் "இந்தச் சிலையின் எழிலைப் பாருங்கள்" என்று வந்தால் எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. எத்தனை கைகள், எந்தக் கையில் என்ன, எந்தக் கால் தரையில், சிலை என் இடுப்பு உயரமா தோள் உயரமா என்று சொல்ல வேண்டும். பதிவை இப்போது மாற்ற முடியாவிட்டால் காவலர்களிடம் அந்த இரண்டு வரியைச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். பழைய சாவிக்கொத்து ஐயா சொன்ன நடிப்புப் பயிற்சியில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடிக்க வேண்டாம், அது தவறான பாடம். எங்களில் ஒருவரையே அழையுங்கள்.

காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கு, ஆடியோ கைடின் ஒலியை நேரே அந்தக் கருவிக்கு அனுப்பும் வளையம் ஒன்று உண்டு, கழுத்தில் போட்டுக்கொள்வது. அவர்கள் கருவியில் 'டி' நிலை இருந்து, அதற்கு மாற்றினால் சுற்றுப்புற இரைச்சல் குறைந்து கேட்கும். நீங்கள் வாங்கியவற்றில் அதைப் பொருத்த முடியுமா என்று விற்றவரிடம் கேளுங்கள். அறவே கேட்காதவர்களுக்கு முழு உரையையும் அச்சிட்டுக் கவுண்ட்டரில் நான்கு படி வைத்தால் போதும், அவர்களிடம் 80 ரூபாய் வாங்காதீர்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கவுண்ட்டரில் இருப்பவரிடம் பிடித்தம் பற்றிக் கேட்டேன். "எங்களுக்கு அப்படித்தானே சொல்லியிருக்கிறார்கள்" என்றார், யார் சொன்னது என்று அவருக்கே தெரியவில்லை. தாளுக்கு அறங்காவலர் ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் காவலர்களின் ஒப்பந்தத்தில், அருங்காட்சியகப் பொருள் சேதமானால் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று உண்மையாகவே ஒரு வரி இருக்கிறது. போதாக்குறைக்கு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றி அனுப்புகிறார்கள். நான் பயிற்சி கொடுத்தவர் அடுத்த மாதம் ஏதாவது ஏ.டி.எம். வாசலில் நிற்பார். இதற்கு என்ன செய்வது?

வழிகாட்டி நண்பருக்கு: விதி வைக்கிறேன். பயிற்சி நாளை இங்கே எழுதுகிறேன், உங்கள் ஊர் அருகில் என்றால் கட்டாயம் வாருங்கள். புள்ளி நண்பருக்கும் அதே அழைப்பு, பயணச் செலவு எங்களுடையது.

---

பழைய சாவிக்கொத்து எழுதியது:

ஒப்பந்த வரியை நீங்கள் அழிக்க முடியாது, அடுத்த புதுப்பிப்பின்போது ஆடியோ கைடுகளுக்கு மட்டும் விலக்கு கேளுங்கள். அதுவரை, காவலர்கள் கருவியை வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம், பார்வையாளர் கையில் இருக்கும்போதே விசையைக் காட்டிக்கொடுத்தால் போதும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பொறுப்பு கவுண்ட்டரோடு நிற்கும்.

ஆள் மாறுவதை யாராலும் தடுக்க முடிந்ததாக நான் பார்த்ததில்லை. அதனால் பயிற்சியை நீங்கள் நடத்தாதீர்கள், இருக்கும் காவலர்களில் மூத்தவரிடம் ஒப்படையுங்கள். புதிதாக வருகிறவர் முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் சீருடையோடு கருவியை மாட்டிக்கொண்டு கூடங்களைச் சுற்ற வேண்டும், பிறகுதான் நிற்கும் இடம். கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். கடைத்தெரு நண்பர் சொன்ன பத்து ரூபாயை அங்கே செலவழிக்கலாம்.

20 கருவி இலக்கு பற்றி: கூட்டத்துக்கு முன் இரண்டு வாரம், வேண்டாம் என்று சொல்கிறவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். நேரமில்லை, விலை, அட்டை கொடுக்கத் தயக்கம், மொழி இல்லை, வழிகாட்டியோடு வந்தவர், ஊழியர் கேட்கவே இல்லை. ஆறு கட்டம், ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். அறங்காவலர்கள் முன்னால் அந்தத் தாளை வைத்தால் இலக்கைப் பற்றிப் பேசுவதா, அடையாள அட்டையைப் பற்றிப் பேசுவதா என்று அவர்களே முடிவு செய்வார்கள். கடைசிக் கட்டத்தில் விழும் கோடுகளுக்காக யாரையும் திட்டமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். தாள் கவுண்ட்டர் மேசையில் இருக்கட்டும், உங்கள் அறையில் வேண்டாம். பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள்.